செய்தி உரைத்தலும் சொல்வன்மையும்: உடுவில் வட்டார அச்சு மரபை முன்னிறுத்திய ஒரு நோக்கு

செய்தி என்பது நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கூறுவது; சொல்வன்மை என்பது கேட்போரை வயப்படுத்தக் கையாளும் உபாயம். முன்னையது பத்திரிகையாளனுக்குரியது, பின்னையது மேடைப் பேச்சாளனுக்கும் வழக்கறிஞனுக்கும் உரியது. இவ்வாறானதொரு பாகுபாடு நம்மிடையே பரவலாக நிலவுகின்றது. ஆயினும் எழுத்தின் இயல்பை நுணுகி நோக்குமிடத்து இப்பாகுபாடு நிலைபெறுவதில்லை. நிகழ்ந்தவை எண்ணிறந்தன, அவற்றுள் எதை முதலிற் கூறுவது, எதை விடுப்பது, எப்பெயரால் அழைப்பது, எவ்வினைமுற்றால் முடிப்பது என்பனவற்றைத் தெரியாமல் எவரும் ஒரு வாக்கியந்தானும் எழுதவியலாது. அத்தெரிவு தொடங்கும் இடத்திலேயே சொல்வன்மையும் தொடங்கிவிடுகின்றது.

எனவே, செய்தியிற் சொல்வன்மை உண்டா இல்லையா என்பது வினாவாகாது. எத்தகைய சொல்வன்மை வாசகனுக்கு அறிவைத் தருகின்றது, எத்தகையது அறிவைத் தருவதுபோற் காட்டி அதனை மறைக்கின்றது என்பதே வினாவாகும். அரிஸ்டோட்டில் உரையின் வலிமையை மூன்று இடங்களிற் கண்டார்: உரைப்போனின் நம்பகம், கேட்போரின் உணர்ச்சி, உரையின் தருக்கம். நமது நன்னூலாரோ நூலுக்குரிய அழகுகளையும் குற்றங்களையும் பத்துப்பத்தாக வகுத்தார். விளங்க வைத்தல் அவர் கூறும் அழகுகளுள் ஒன்று. மயங்க வைத்தல் அவர் கூறும் குற்றங்களுள் ஒன்று. ஒரே சொற்கருவி விளங்க வைக்கவும் மயங்க வைக்கவும் பயன்படக்கூடும் என்பதை இவ்விரண்டினதும் எதிர்நிலை உணர்த்துகின்றது. இதனை யாழ்ப்பாணக் குடாநாட்டின் உடுவிலையும் அதன் அயலூர்களையும் களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உடுவிலும் புதிய வாசகரும்

உடுவிலை இவ்வாய்வின் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 1816இல் யாழ்ப்பாணத்திற் காலூன்றிய அமெரிக்க மிஷன், 1820இல் உடுவிலில் ஒரு நிலையத்தை நிறுவியது. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் பொறுப்பில் அங்கு பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்டது. பின்னர் எலைசா அக்னியூ அம்மையார் 1840 முதல் 1879 வரை அதனை நடத்தினார். மேற்கே வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினரி ஆண்களுக்கு உயர்கல்வி அளித்தது. அண்மையிலுள்ள மானிப்பாயில் மிஷன் அச்சகம் இயங்கிற்று. உடுவில் நிலையத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த லீவை ஸ்போல்டிங், சந்திரசேகர பண்டிதர் முதலிய யாழ்ப்பாணத்துப் புலமையாளரின் துணையோடு 1842இல் வெளிவரச் செய்த அகராதி, மானிப்பாய் அகராதி என்றே வழங்கப்பெறுகின்றது.

பாடசாலை, அச்சகம், அகராதி ஆகிய மூன்றும் சில கல் தூரத்துள் ஒன்றுகூடியமையால் விளைந்தது யாது? முன்னர் இல்லாத ஒரு வாசகர் கூட்டம் தோன்றியது. ஏட்டுக் கல்வி ஆசிரியனின் வாய்மொழி விளக்கத்தோடு இணைந்தது. பாடலைப் படிப்போன் பொருளை ஆசானிடம் கேட்டறிவான். அச்சிட்ட தாளைக் கையில் வைத்திருப்பவனுக்கு அருகில் ஆசான் இல்லை. விளக்கமும் அத்தாளிலேயே இருத்தல் வேண்டும். விடுதியிற் கற்று மணமுடித்து ஊருக்குத் திரும்பிய பெண்ணும் இத்தகைய வாசகியே. தனித்திருந்து படிக்கும் இவ்வாசகரை நோக்கி எழுத நேர்ந்தமையே ஈழத்துத் தமிழ் உரைநடையை உருமாற்றிய காரணிகளுள் தலையாயது எனலாம்.

2. உதயதாரகை: பெயரே ஒரு வாதம்

1841 சனவரி 7ஆந் திகதி உதயதாரகையின் முதலிதழ் வெளிவந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய தமிழர் இருவர் அதன் ஆசிரியராயினர். தமிழிலும் ஆங்கிலத்திலும் மாதம் இருமுறை வெளிவந்த இவ்விதழ், கல்வி, விஞ்ஞானம், இலக்கியம், விவசாயம், அரசியல், சமயம் ஆகியவை பற்றிய கட்டுரைகளோடு செய்திச் சுருக்கங்களையும் தருவதாக அறிவித்தது.

இத்திட்டமே ஆழ்ந்து நோக்கத்தக்கது. விவசாயமும் விஞ்ஞானமும் சமயமும் ஒரே தாளில், ஒரே எழுத்துருவில், ஒரே நடையில் அமைகின்றன. கிரகணத்தின் காரணத்தை விளக்கும் பந்தியில் வாசகன் பத்திரிகைமீது கொள்ளும் நம்பிக்கை, அடுத்த பந்தியிலுள்ள சமயக் கருத்துக்கும் கைமாறுகின்றது. அரிஸ்டோட்டில் கூறிய உரைப்போனின் நம்பகம் இங்கு தனிமனிதனிடமிருந்து பத்திரிகை என்னும் அமைப்புக்குச் செல்கின்றது. ஒரு துறையில் ஈட்டிய நம்பகத்தைப் பிறிதொரு துறையிற் செலவிடுதல் அன்று தொட்டு இன்றுவரை பத்திரிகையின் முதன்மையான சொல்வன்மை உபாயமாக இருந்து வருகின்றது.

பெயரும் அத்தகையதே. விடியலை அறிவிக்கும் வெள்ளி என்னும் உருவகத்துள், அதற்கு முன்னிருந்தது இருள் என்னும் கூற்று வெளிப்படச் சொல்லாமலே அடங்கியுள்ளது. மிஷன் தமிழிற் பிறசமயத்தவரை அஞ்ஞானிகள் எனக் குறிக்கும் வழக்கும் இதே ஒளி-இருள் எதிர்மையிலிருந்தே பிறந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியிற் சைவர் தமது பத்திரிகை ஒன்றுக்குச் 'சைவ உதயபானு' எனப் பெயரிட்டனர். வெள்ளிக்கு எதிரே ஞாயிறு நிறுத்தப்பட்டது. மறுத்தவர்களும் உருவகத்தைக் கைவிடவில்லை. அதற்குள்ளேயே நின்று உயர்வு தேடினர். ஓர் உருவகம் வேரூன்றிவிட்டால் எதிராளியின் வாதத்தையும் அதுவே நெறிப்படுத்தும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

3. நாவலர்: எதிராளியின் கருவியும் சொல்லப்படாத எடுகோளும்

நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) பீற்றர் பேர்சிவல் பாதிரியாரிடம் பயின்று, அவருடைய விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் உதவியவர். 1847இன் இறுதியில் வண்ணார்பண்ணையிற் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பாடசாலையும், அதனைத் தொடர்ந்து அச்சியந்திரமும் அமைத்தார். பிரசங்கம், பாடசாலை, அச்சகம், துண்டுப்பிரசுரம் என்னும் மிஷன் கருவிகள் அனைத்தும் அவர் கைக்கு மாறின.

1854இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரம் சொல்வன்மை நோக்கிற் சிறப்பாக ஆராய்தற்குரியது. கோயில், பூசை, தூபதீபம், நியமம் ஆகியவற்றை மிஷனரிமார் பழித்தபோது, நாவலர் சைவ ஆகமங்களை மட்டும் சான்று காட்டி அமையவில்லை. ஆகமத்தை ஏற்காதவனுக்கு ஆகமம் பிரமாணமாகாதென்பதை அவர் நன்கறிவார். ஆகவே விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள ஆலய வழிபாட்டு முறைகளை எடுத்துக்காட்டி வாதிட்டார். கேட்போன் ஏற்கும் பிரமாணத்திலிருந்து தொடங்குதல் நியாய நூலாரும் மேனாட்டுச் சொல்லியலாரும் ஒருங்கே வலியுறுத்தும் நெறியாகும்.

பாலபாடங்களில் இதே கை வேறொரு தொழிலைச் செய்கின்றது. குறுகிய வாக்கியங்கள், பிரித்தெழுதிய சொற்கள், முறையான நிறுத்தக் குறியீடுகள் ஆகியன ஆசானின்றிப் படிக்கும் பிள்ளைக்குத் துணை செய்கின்றன. நிறுத்தக் குறியும் சொல்வன்மைக் கருவியே என்பதை மனங்கொள்ளல் வேண்டும். மூச்சு எங்கே நிற்பது என்பதைத் தீர்மானிப்பவன் பொருள் எங்கே நிற்பது என்பதையும் தீர்மானிக்கின்றான்.

எனினும் நாவலரின் தெளிவுக்கு ஓர் எல்லை உண்டு. எதிராளியின் எடுகோள்களை ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்து வினவிய அவ்வெழுத்து, சாதி வேறுபாட்டை வினாவுக்கு உட்படுத்தாமல் உலகின் இயல்பான ஒழுங்காகவே கொண்டது. முற்போக்கு விமரிசகர் இதனைப் பலமுறை சுட்டியுள்ளனர். இங்கு நம் கவனத்துக்குரியது, அந்த எடுகோள் வாதமாக முன்வைக்கப்படவில்லை என்பதே. வாதமாக முன்வைக்கப்பட்டது மறுக்கப்படலாம். எல்லாரும் அறிந்ததுபோல் எழுவாயினுள் அடங்கிக் கிடப்பதை மறுக்க வாசகனுக்கு வாய்ப்பே இல்லை. தெளிவான நடை உண்மையான நடையாகவும் இருக்கும் என்பதற்கு உறுதி எதுவுமில்லை. நடை எத்துணைத் தெளிவாயுள்ளதோ அத்துணை இலகுவாக அதன் எடுகோளும் வாசகனுள் இறங்கிவிடும்.

4. பெயரிடுதலும் பொருள் விளக்கமும்

சமய விவாதத்திற்குப் புறத்தே, அறிவியலை விளக்குதற்பொருட்டு எழுந்த உரைநடை வேறு சிக்கலை எதிர்கொண்டது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழில் மருத்துவம் கற்பித்தார். தம் மாணாக்கரின் துணையோடு மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உடற்கூறு, மகப்பேறு, சத்திர வைத்தியம், இரசாயனம் ஆகிய துறைகளில் அந்நூல்கள் அமைந்தன. இரசாயன நூலொன்று 'கெமிஸ்தம்' என்னும் பெயருடன் 1875இல் வெளிவந்தது.

அப்பெயரே சிந்தனைக்குரியது. 'இரசாயனம்' என்னும் சொல் ஏலவே வழக்கிலிருந்தது. ஆனால் அச்சொல்லோடு காயகற்பம், இரசவாதம் முதலிய பழைய பொருள்களும் ஒட்டியிருந்தன. 'கெமிஸ்தம்' வாசகனுக்கு ஒன்றையும் உணர்த்தாது. ஆனால் அது தவறானதொன்றை உணர்த்துவதுமில்லை. பழகிய சொல் வாயிலைத் திறக்கும். அதே வேளை பழைய பொருளையும் உள்ளே கொணரும். புதிய சொல் தூய்மையானது. ஆனால் அதற்குரிய விளக்கத்தை எழுத்தாளன் உடனே தந்தாக வேண்டும். தராவிடின், அறியாத சொல் அறிவின் அடையாளமாகத் தோன்றி வாசகனை வாய்மூடச் செய்யும்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) தம் பதிப்புகளுக்கு எழுதிய முகவுரைகள் இன்னொரு வழியைக் காட்டுகின்றன. பழந்தமிழ் நூல்கள் அழிகின்றன எனப் பொதுப்பட ஓலமிடுவது எளிது. அவரோ செல்லரித்த ஏட்டைக் கையிலெடுக்கும்போது நேர்வதை, விரல் உணரும் அளவுக்கு நுணுக்கமாக எழுதினார். கண்ட பொருளே அங்கு உணர்ச்சியை எழுப்புகின்றது. தகவலிலிருந்து விளையும் உணர்ச்சி அறிவுக்குத் துணையாகும். தகவலுக்குப் பதிலாக வைக்கப்படும் உணர்ச்சி அறிவை விலக்கும்.

5. யாருடைய மொழி?

இருபதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்தின் அச்சு மையம் சுன்னாகத்துக்கு நகர்ந்தது எனலாம். நா. பொன்னையா 1930இற் தொடங்கிய 'ஈழகேசரி' 1958 வரை வெளிவந்தது. அதன் ஆசிரியருள் ஒருவரான சோ. சிவபாதசுந்தரம் பின்னர் ஒலிபரப்புத் துறை சார்ந்து, 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலையும் எழுதினார். காதுக்கென எழுதும் வாக்கியம் கண்ணுக்கென எழுதும் வாக்கியத்தினின்றும் வேறுபடும் என்பது அத்துறையின் முதற்பாடம். வானொலி கேட்போன் பின்னோக்கித் திரும்பிப் படிக்கவியலாது.

செய்தி பொதுமக்களை நோக்கி விரிந்தபோது, பொதுமக்களின் மொழி எழுத்தில் இடம்பெறலாமா என்னும் வினாவும் எழுந்தது. 1960களின் முற்பகுதியில் நிகழ்ந்த மரபுப் போராட்டம் அதன் வெளிப்பாடே. உழைக்கும் மக்களின் பேச்சைப் படைப்பிலக்கியத்தில் அமைத்தோரை மரபுவாதிகள் கண்டித்தனர். இழிசனர் வழக்கு என்னும் இலக்கணச் சொல் அதற்குக் கருவியாயிற்று. ஒரு கலைச்சொல்லின் போர்வையில் சமூகத் தீர்ப்பொன்று வழங்கப்பட்டது. கே. டானியல் 1972இல் தம் நாவலுக்குப் 'பஞ்சமர்' எனப் பெயரிட்டமை இதற்கு நேரெதிரான செயல். இழிவின் பெயரை அட்டையிற் பொறித்து, அப்பெயரை இட்டவர்களையே வாசகன் விசாரிக்கும்படி செய்தார். பெயர் ஒன்றே, அதைச் சொல்பவன் நிற்கும் இடமே பொருளை மாற்றியது.

6. வினைமுற்றின் அரசியல்

உருவகம், பெயர், எடுகோள் ஆகியவற்றினும் நுண்ணிய கருவி ஒன்றுண்டு, அது வினைச்சொல். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அழிந்தது. அந்நாட்களிலேயே ஈழநாடு பத்திரிகையின் காரியாலயமும் தீக்கிரையாயிற்று. இந்நிகழ்வைத் தமிழில் மூவகையாகக் கூறலாம்.

நூலகம் எரிந்தது. நூலகம் எரிக்கப்பட்டது. காவற்படையினரும் அவர்களோடு நின்றோரும் நூலகத்தை எரித்தனர்.

முதல் வாக்கியத்தில் தீயைத் தவிர வேறு எவரும் இல்லை. மின்னொழுக்கினால் எரிந்த வீட்டையும் இவ்வாறே கூறுவோம். இரண்டாவதில் எரித்தவன் ஒருவன் உளன் என்பது இலக்கணத்தாலேயே உறுதியாகின்றது; ஆனால் 'ஆல்' உருபு ஏற்றுவரும் கருத்தாவின் இடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. மூன்றாவதில் அவ்விடம் நிரப்பப்பட்டுள்ளது. மூன்று வாக்கியங்களும் பொய்யல்ல. ஆயினும் வாசகன் அறிந்துகொள்வது மூன்றிலும் ஒன்றன்று.

செயப்பாட்டு வினையை எக்காலத்தும் குற்றமெனக் கொள்ளவும் கூடாது. செய்தவனை அறியாதபோது அதுவே நேர்மையான வடிவம். அறிந்தும் அஞ்சி மறைக்கும்போது, அவ்வெற்றிடத்தைக் கூர்ந்து படிக்கும் வாசகனுக்கு அதுவே ஒரு குறிப்பு. தணிக்கையும் உயிரச்சமும் நிலவிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து வாசகர் இவ்வெற்றிடங்களை வாசிக்கப் பழகியிருந்தனர்.

காணாமற்போனோர் என்னும் சொல்லின் வரலாறு இதனினும் துயர்மிக்கது. காணாமற்போதல் என்பது வழிதவறிய ஆட்டுக்கும் தொலைந்த திறப்புக்கும் உரிய வழக்கு. போனவரைத் தவிர வேறு கருத்தாவை அது வேண்டுவதில்லை. பிள்ளைகளைக் கையளித்த தாய்மாரும் கணவரைப் பறிகொடுத்த மனைவியரும் அச்சொல்லை ஏற்கவில்லை. 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றனர். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் 'காணாமற்போன ஆட்கள்' என்பதே நின்றது. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தின் பதாகைகளில் 'ஆக்கப்பட்டோர்' என்பது நின்றது. 'போ' என்பதற்கும் 'ஆக்கு' என்பதற்கும் இடையிலுள்ள தூரமே அம்மக்கள் வேண்டிய நீதியின் தூரம். இலக்கண நூல் கற்றறியாத தாயொருத்தி வினைச்சொல்லின் பொறுப்பைத் துல்லியமாக உணர்ந்திருந்தாள். அச்சொல்லைத் தெரியும் ஒவ்வொரு செய்தியாசிரியனும் விரும்பியோ விரும்பாமலோ ஒரு பக்கத்தைத் தெரிகின்றான்.

7. கிணற்று நீரும் அறிக்கை மொழியும்

இதுவரை கண்ட கருவிகள் யாவும் ஒருங்கு செயற்பட்டமையை உடுவில் பிரதேசத்திலேயே அண்மைக்காலத்திற் காணமுடிந்தது. சுன்னாகத்தின் அனல்மின் நிலையப் பகுதியிலிருந்து கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்து, சுன்னாகம், உடுவில், மல்லாகம் முதலிய அயலூர்க் கிணறுகளைப் பாதித்தது என்னும் பிரச்சினை 2013க்குப் பின் பெரிதாக வெளிப்பட்டது. ஆறுகளற்ற குடாநாட்டில் மக்கள் நம்பியிருப்பது சுண்ணக்கற் பாறையில் தேங்கும் மழைநீரையே. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் பெரும்பாலும் அந்நீரே பயன்பட்டு வந்தது. வெவ்வேறு அமைப்புகள் நடத்திய ஆய்வுகள் தம்முள் முரண்பட்ட முடிவுகளை வெளியிட்டன.

இங்கு எழுத்தாளனின் பணி என்ன? 'லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம்' என அறிக்கை கூறும். கிணற்றடியில் நிற்பவள் வினவுவது வேறு: இத்தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? எண்ணை மட்டும் தருபவன் குன்றக் கூறுகின்றான். 'நஞ்சு' என்னும் ஒரு சொல்லால் முடிப்பவன் மிகைபடக் கூறுகின்றான். அந்த எண் எதனோடு ஒப்பிடப்பட்டது, எக்கிணற்றில், எப்பருவத்தில் எடுத்த மாதிரி, எப்பொருள் சோதிக்கப்பட்டது, எது சோதிக்கப்படவில்லை என்பனவற்றைக் கூறுபவனே விளங்க வைக்கின்றான். ஒரு மாசு காணப்படவில்லை என்பதும், அது தேடப்படவில்லை என்பதும் வேறு வேறு. அறிக்கைகளின் முரண்பாடும் பெரும்பாலும் இத்தகைய இடங்களிலேயே மறைந்திருக்கும்.

உவமையும் இங்கு அறிவின் கருவியாகின்றது. குடாநாட்டின் நிலத்தடியைப் பல தனிக் குடங்கள் எனக் கற்பிப்பின், அயலவனின் கிணறு கெட்டால் என் கிணற்றுக்கு என்ன என்னும் எண்ணம் தோன்றும். துளைகள் நிறைந்த ஒரே பாறையில் ஊறிய ஒரே நீர் எனக் கற்பித்தால் பங்குக் கிணற்றின் பொறுப்பு ஊர் முழுவதற்கும் விரியும். இரண்டாவது உவமை நிலவியலுக்கு அணித்தானது. ஆகவே அது நல்ல உவமை. உவமையின் நயம் அதன் இனிமையில் மட்டும் தங்கியிருப்பதன்று. பொருளின் இயல்போடு அது பொருந்துமாற்றிலும் தங்கியுள்ளது.

2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், மின்னுற்பத்தியில் ஈடுபட்ட நொதேர்ண் பவர் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 'எண்ணெய் கலந்தது' என்னும் தன்வினை வாக்கியம் பொறுப்புடையவர் பெயர் சுட்டிய வாக்கியமாக மாறுவதற்கு ஒரு வழக்கும் பல ஆண்டுகளும் வேண்டியிருந்தன.

8. முடிவுரை

உதயதாரகை முதல் கிணற்று நீர்ச் செய்திவரை நோக்குமிடத்து, வாசகன் எந்தச் செய்தியின் முன்னும் எழுப்பத்தக்க மூன்று வினாக்கள் புலனாகின்றன. இவ்வாக்கியத்தின் கருத்தா யார், அவர் இடம் வெறுமையாக உள்ளதெனின் ஏன்? இப்பெயரை இட்டவர் யார், பெயரிடப்பட்டவர் தம்மை எவ்வாறு அழைக்கின்றனர்? வாதமாகச் சொல்லப்படாமல் இயல்பெனக் கொள்ளப்பட்டது எது? இவற்றுக்கு விடைகாணும் வழியை எழுத்தினுள்ளேயே திறந்து வைத்திருக்கும் சொல்வன்மை விளங்க வைக்கும் சொல்வன்மை. அவ்வழியை அடைப்பது, எத்துணை இனிய நடையாயினும், மயங்க வைப்பது.

நமது பாடசாலைகளில் தன்வினை, பிறவினை, செயப்பாட்டு வினை ஆகியன இன்றும் பரீட்சைக்குரிய இலக்கணமாகவே கற்பிக்கப்படுகின்றன. ஒரு நாளிதழின் முதற்பக்கத்தை வகுப்பறையில் விரித்து, அதிலுள்ள வினைமுற்றுகளை மாணவர் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் கருத்தாவைத் தேடுமாறு செய்வோமாயின், இலக்கணப் பாடம் குடிமைப் பாடமாகவும் அமையும். இரு நூற்றாண்டுகளுக்கு முன் புதிய வாசகியரை உருவாக்கத் தொடங்கிய உடுவில் மண்ணில் அப்பயிற்சியைத் தொடங்குதல் மிகப் பொருத்தமாகும்.